செங்கற்பட்டுச் சீமையில் விலையும் விளைச்சலும்: தாம்பரம் வட்டார வேளாண் பதிவுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

செங்கற்பட்டு வட்டாரத்தின் பயிர், விளைச்சல், விலை ஆகியவை குறித்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பலவகைப் பதிவுகள் கிடைக்கின்றன. வரி விதிப்பு, பஞ்ச நிருவாகம், உணவு வழங்கல் ஆகிய வெவ்வேறு தேவைகளுக்காக இவை உருவாக்கப்பட்டன. விலைப் பதிவும் விளைச்சல் பதிவும் வெவ்வேறு அளவைகளிலும் கால வரையறைகளிலும் அமைந்தமையால், இரண்டையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போது பிழையான முடிவுகள் தோன்ற வாய்ப்புண்டு. அப்பிழைகள் எங்கு நேர்கின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சாகுபடிப் பரப்பு சுருங்கி நகர்ப்புறமாகிவிட்ட தாம்பரம் வட்டாரத்தில், நில வகைப்பாட்டுப் புள்ளிவிவரம் ஏரிகளின் இழப்பை எவ்வாறு மறைக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கற்பட்டு, தாம்பரம், பசலி, கரிசை, தானிய விலை, அடங்கல், தரிசு, ஏரி, ஆயக்கட்டு.

முன்னுரை

வேளாண் பொருளியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகை எண்களைச் சார்ந்து நிற்கின்றனர். ஒன்று, சந்தையில் தானியம் விற்ற விலை; மற்றொன்று, நிலத்தில் விளைந்த அளவு. விலை உயர்ந்தால் விவசாயி வளம் பெற்றான் என்றும், விளைச்சல் குறைந்தால் விலை ஏறியது என்றும் கொள்வது எளிய முடிவு. ஆயினும் இவ்வெண்களை யார், எதற்காக, எந்த அளவையில் பதிந்தனர் என்ற வினா எழுப்பப்படாதவிடத்து இம்முடிவு உறுதி பெறுவதில்லை.

சென்னையின் தென்புறத்தில் பல்லாவரம், தாம்பரம், சேலையூர், முடிச்சூர், வண்டலூர் என நீளும் நிலப்பரப்பு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இன்று இஃது அடர்ந்த குடியிருப்புப் பகுதி. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் இது செங்கற்பட்டுச் சீமையின் ஏரிப்பாசன ஊர்களைக் கொண்டிருந்தது. அச்சீமையைப் பற்றிய பதிவுகளின் வரிசையைப் பின்தொடர்ந்தால், விளைச்சலை மையமாகக் கொண்ட கணக்கு விலையை மையமாகக் கொண்ட கணக்காக மாறிய வரலாறு தெளிவாகிறது.

1. களத்தில் பகுக்கப்பட்ட விளைச்சல்

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். அதன் வருவாய் வளத்தை அறியும்பொருட்டுத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். நஞ்சை, புஞ்சை, தோப்பு, ஏரி, மானியம், குடியிருப்பு, வீடுகளின் எண்ணிக்கை ஆகியன ஊர்வாரியாக அதில் இடம்பெற்றன. தரம்பால் இவ்வாவணங்களின்பால் ஆய்வாளர் கவனத்தைத் திருப்பினார். இவற்றோடு தொடர்புடைய தமிழ் ஊர்க் கணக்குகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டன் கணக்குகளை எம். டி. சீனிவாஸ், தி. கோ. பரமசிவம், த. புஷ்கலா ஆகியோர் 2001இல் பதிப்பித்தனர்.

இக்கணக்குகளில் நிலம் காணியிலும் நெல் கலத்திலும் குறிக்கப்பட்டன. 12 மரக்கால் ஒரு கலம். 400 மரக்கால் ஒரு கரிசை. கணக்கின் மையமாக அமைந்தது களத்தில் குவிந்த நெல்லின் பகுப்பே ஆகும். மேல்வாரம், குடிவாரம் என்னும் பெரும்பிரிவுகளோடு கோயில், கணக்குப்பிள்ளை, வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், ஏரி மடையைக் கவனிப்போர் முதலியோருக்குரிய பங்குகளும் தானியமாகவே ஒதுக்கப்பட்டன. மேரை, சுதந்திரம் என வழங்கிய இப்பங்குகள் விளைச்சலோடு சேர்ந்து கூடின. விளைச்சலோடு சேர்ந்து குறைந்தன. சந்தை விலை அவற்றைத் தீர்மானிக்கவில்லை.

இதனை ஏற்றத்தாழ்வற்ற அமைப்பாகக் கருதுவதற்கில்லை. மிராசுதாரர்களின் உரிமையும், பரம்பரையாக உழவு வேலைக்குக் கட்டுண்டிருந்த படியாட்களின் நிலையும் ஒரே களத்தில்தான் நிலவின. பதிவின் இயல்பை நோக்கும்போது கிடைக்கும் செய்தி வேறு: ஏரியைப் பேணுவதற்கான செலவு விளைச்சல் கணக்கின் உள்ளேயே ஒரு பங்காக இருந்தது. நீரும் நெல்லும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

2. பணமாக மாறிய வரியும் விலையின் முதன்மையும்

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், 1799இல் விரிவான அறிக்கையொன்றை அளித்தார். 1802ஆம் ஆண்டையொட்டி நிலையான வருவாய்த் திட்டம் இங்குப் புகுத்தப்பட்டது, அது நிலைக்கவில்லை. எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசி உரிமை பற்றிய ஆய்வு, நிலவுரிமை குறித்த விவாதத்திற்கு அடிப்படையாயிற்று. பின்னர் இரயத்துவாரி முறை வேரூன்றியது. இம்மாற்றங்களின் ஊடே உள்ளூர்க் குடிகளும் அதிகாரிகளும் நிகழ்த்திய கருத்துப் பரிமாற்றத்தை யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வரி பணமாக வாங்கப்பட்டதும் தானிய விலை அரசின் முதன்மைத் தரவாயிற்று. பணவரி நிலைத்து நிற்க, விலை வீழ்ந்தால் நேர்வது யாது என்பதைச் சென்னை மாகாணம் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டது. பி. ஜே. தாமஸும் பி. நடராஜனும் 1936இல் வெளியிட்ட கட்டுரையில் 1825 முதல் 1854 வரையான காலத்தை மாகாணத்தின் பொருளாதார மந்தக் காலமாக வரையறுத்தனர். அ. சாரதா ராஜுவின் நூலும் (1941) இவ்விலை வீழ்ச்சியை விளக்குகிறது. இதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு காணிக்குரிய வரியைச் செலுத்த 10 கலம் நெல்லை விற்ற குடியானவர், விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோது அதே வரிக்கு 15 கலம் விற்க வேண்டியவரானார். அவருடைய வயலில் விளைச்சல் சிறிதும் குறையவில்லை. வீட்டில் எஞ்சிய நெல் மட்டும் 5 கலம் குறைந்தது. விளைச்சல் பட்டியலை மட்டும் காண்போருக்கு இவ்விழப்பு புலப்படாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைபெற்ற நிலவரித் திட்டங்களில், நிலத்தின் சராசரி விளைச்சல், பஞ்சமில்லாத 20 ஆண்டுகளின் சராசரி விலையால் பணமாக மதிப்பிடப்பட்டது. வணிகர் இலாபமும் சாகுபடிச் செலவும் கழிக்கப்பட்டபின் நிகர விளைவில் பாதி அரசின் உச்ச வரம்பாகக் கொள்ளப்பட்டது. பஞ்ச ஆண்டுகளை விலக்கியதால் வரிவிகிதம் மிகாமல் காக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயின் அத்திட்ட அறிக்கைகளிலுள்ள விலைச் சராசரியை அக்காலத்தின் உண்மையான விலைப்போக்காக எடுத்தாளுதல் பொருந்தாது. மக்களை மிகுதியும் வருத்திய ஆண்டுகளே அதில் விடுபட்டுள்ளன.

3. அளவையும் காலமும் தோற்றுவிக்கும் பிழைகள்

காலனியக் கால விலைப்பட்டியல்களைக் கையாளும்போது இரண்டு இடர்கள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது, விலை குறிக்கப்பட்ட முறை. கரிசைக்கு இத்தனை ரூபாய் என்று குறிக்கும் வழக்கோடு, ரூபாய்க்கு இத்தனை சேர் என்று குறிக்கும் வழக்கும் இருந்தது. 'இந்தியாவில் விலைகளும் கூலிகளும்' என்ற பொருளில் அரசு வெளியிட்ட தொகுதிகள் இரண்டாம் முறையைப் பின்பற்றின. இம்முறையில் எண் குறைந்தால் விலை ஏறியதாகப் பொருள். சராசரி காணும்போது மற்றொரு பிழையும் நேரும். ஒரு மாதத்தில் ரூபாய்க்கு 10 சேரும் மற்றொரு மாதத்தில் 20 சேரும் விற்றதாகக் கொள்வோம். 100 சேரின் விலை முதல் மாதத்தில் 10 ரூபாய், அடுத்த மாதத்தில் 5 ரூபாய்; சராசரி 7.50 ரூபாய். மாறாக, சேர்களின் சராசரியாகிய 15ஐக் கொண்டு கணக்கிட்டால் 100 சேரின் விலை 6.67 ரூபாயே ஆகிறது. உண்மை விலையில் ஏறத்தாழ 11 விழுக்காடு மறைந்துவிடுகிறது. மாத ஏற்ற இறக்கம் மிகுந்த ஆண்டுகளில், அதாவது பஞ்ச ஆண்டுகளில், இப்பிழை பெருகும்.

இரண்டாவது, ஆண்டின் வரையறை. வருவாய்த் துறையின் பசலி ஆண்டு சூலை 1இல் தொடங்கி சூன் 30இல் முடிகிறது. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரையாகும். செங்கற்பட்டு வட்டாரத்தின் நெற்பருவங்கள் சொர்ணவாரி, சம்பா, நவரை என வழங்கப்படுகின்றன. ஆவணியை ஒட்டித் தொடங்கும் சம்பா, வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்ப, தை மாதத்தில் அறுவடைக்கு வருகிறது. ஏரியில் எஞ்சிய நீர் நவரைக்கு உதவுகிறது. எனவே சம்பாவின் விதைப்பும் அறுவடையும் ஒரே பசலிக்குள் அடங்குகின்றன; ஆங்கில ஆண்டிலோ அவை இரண்டு ஆண்டுகளாகப் பிரிகின்றன. பசலி விளைச்சலை சனவரி முதல் திசம்பர் வரையான விலைச் சராசரியோடு ஒப்பிடும் ஆய்வு, ஒரு பயிரின் விளைச்சலோடு இரு வேறு பயிர்களின் விலையைப் பிணைத்துவிடுகிறது.

4. மாத விலையால் பயன்பெற்றோர்

அறுவடையை ஒட்டிய மாதங்களில் நெல் விலை தாழ்ந்தும், ஐப்பசி, கார்த்திகையில் கையிருப்பு குறையும்போது உயர்ந்தும் அமைவது சம்பாவைச் சார்ந்த வட்டாரத்தின் இயல்பு. நிலவரிக் கிஸ்தித் தவணைகளும் அறுவடையை ஒட்டியே வைக்கப்பட்டன. தவணை தவறாமல் பணம் கட்ட வேண்டிய சிறு குடியானவர் விலை தாழ்ந்திருந்த மாதத்தில் விற்றார். விதைக்கும் உணவுக்கும் நெல் தேவைப்பட்டபோது உயர்ந்த விலைக்கு வாங்கினார். களஞ்சியத்தில் இருப்பு வைக்க இயன்ற மிராசுதாரரும் வணிகருமே விலை ஏற்றத்தின் பயனை அடைந்தனர். ஆகவே ஆண்டுச் சராசரி விலை என்பது சிறு குடியானவர் பெற்ற விலையும் அன்று. அவர் கொடுத்த விலையும் அன்று.

உழைப்பாளரின் நிலை இதனினும் வேறானது. தானியக் கூலி பெற்றவரை விலை ஏற்றம் நேரடியாகத் தாக்கவில்லை. அவரைத் தாக்கியது வேலையின்மை. தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) இது வெளிப்பட்டது. மழை பொய்த்துச் சாகுபடி நின்றபோது களமும் இல்லை. களத்தில் அளக்கப்படும் கூலியும் இல்லை. கப்பலில் வந்திறங்கிய தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டைகளாகக் குவிந்திருந்த நிலையிலும் மக்கள் மடிந்தனர். நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதுமெனச் சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்ததையும், மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்ததையும் வரலாற்றாசிரியர் பலர் பதிந்துள்ளனர். பஞ்சத்தின் அளவை விலையைக் கொண்டு மட்டும் அறிய முற்படுவது, வாங்க வழியற்றவரைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

நிலமற்றோர் நிலம் பெறுவதற்கிருந்த தடைகளைச் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். தரிசு நிலத்திற்கு ஒடுக்கப்பட்டோர் தர்க்காஸ்து கொடுத்தால் மிராசுதாரர்கள் முன்னுரிமை கோரித் தடுத்தனர் என்பது அவ்வறிக்கை கூறும் செய்திகளுள் ஒன்று. 1892ஆம் ஆண்டு அரசாணையும் பஞ்சமி நில ஒதுக்கீடும் அதன் விளைவுகள். பயிர்ப் பதிவேட்டில் 'தரிசு' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்ட நிலத்தின் பின்னே, பயிரிட விரும்பியும் அனுமதி பெறாத மக்கள் இருந்தனர் என்பதை இவ்வாவணம் நினைவூட்டுகிறது.

முதல் உலகப்போரின் இறுதியில், 1918 செப்டம்பரில், சென்னை நகரில் அரிசிக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. டேவிட் ஆர்னால்டின் ஆய்வு, விலையேற்றம் மக்களின் நியாய உணர்வோடு மோதிய நிகழ்வாக இதனைக் காண்கிறது. 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதியாக வீழ்ந்தது. அப்போது நகரத்து நுகர்வோர் ஆறுதலடைய, கடன்பட்ட குடியானவர் நிலத்தை இழந்தார். ஒரே விலைக்கோடு இருவேறு வாழ்க்கைகளை எதிரெதிர்த் திசையில் இழுத்துள்ளது.

5. விளைச்சல் மதிப்பிடப்பட்ட விதம்

சைதாப்பேட்டையில் 1865இல் அரசு வேளாண் பரிசோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. 1876இல் அங்கு வேளாண் கல்வியும் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இவ்வாறு தென்சென்னைப் பகுதி அறிவியல் வேளாண்மையின் தொடக்கக் களங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் ஊர்களின் விளைச்சல் புள்ளிவிவரம் பண்ணைச் சோதனையிலிருந்து பெறப்படவில்லை. கர்ணம் அடங்கலில் எழுதிய பயிர்ப் பரப்பு, 'இயல்பு விளைச்சல்' என முன்கூட்டி வரையறுத்த அளவு, அவ்வாண்டுப் பயிரின் நிலை குறித்த கண் மதிப்பீடு ஆகிய மூன்றின் பெருக்குத் தொகையே விளைச்சலாகக் கொள்ளப்பட்டது.

இவற்றுள் பரப்பு, வரியோடு தொடர்புடையதாகையால், ஓரளவு நம்பகமானது. பயிரின் நிலை பற்றிய மதிப்பீடோ வரித் தள்ளுபடிக்கு அடிப்படையாகக் கூடியதாதலால் குறைத்தோ கூட்டியோ சொல்லப்பட இடமளித்தது. 1940களில் பி. வி. சுகாத்மே, பி. சி. மகலனோபிசு ஆகியோரின் பணியால் மாதிரி வயல்களைத் தேர்ந்து அறுத்து நிறுக்கும் முறை பரவியது. அதற்கு முந்தைய விளைச்சல் எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே தொடராக இணைத்து 'உற்பத்தித்திறன் உயர்ந்தது' என்று முடிவு கூறுவோர், அளக்கும் முறையே மாறியிருப்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1980 நவம்பரில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர்க் கிராம நிருவாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். பரம்பரை அதிகாரத்தின் பிடி தளர்ந்தமை இதன் நற்பயன். எனினும் பதிவேட்டை எழுதுவோர் மாறிய இவ்வாண்டும் தொடர்வரிசையில் குறிக்கத்தக்க எல்லையாகும்.

6. தாம்பரம்: காணி மனையான வரலாறு

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நெல் விலை வீழ்ந்த அதே காலத்தில், நிலையத்தை ஒட்டிய நிலம் நகரத்துச் சம்பளத்தின் எட்டும் தொலைவுக்குள் வந்தது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1984இல் ஏற்றுமதி உற்பத்தி மண்டலம் அமைந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது.

இம்மாற்றத்தை அளவைச் சொற்களே காட்டுகின்றன. 2,400 சதுர அடி கொண்டது ஒரு மனை; 24 மனை ஒரு காணி. இதன்படி ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். நிலத்தின் பேரளவையான காணி வழக்கொழிய, அதன் சிற்றளவையான மனை, 'கிரவுண்டு' என்ற பெயரில் இன்றும் விற்பனைப் பத்திரங்களில் வாழ்கிறது. நிலத்தின் மதிப்பை விளையும் கலம் தீர்மானித்த காலம் போய், சாலையின் அகலம் தீர்மானிக்கும் காலம் வந்தது.

இந்நிலையில் பயிர்ப் பதிவேடு எதனைக் காட்டுகிறது? 1949இல் வேளாண் புள்ளிவிவர ஒருங்கிணைப்புக்கான தொழில்நுட்பக் குழு பரிந்துரைத்த ஒன்பது வகை நிலப் பயன்பாட்டுப் பகுப்பே இன்றும் வழக்கிலுள்ளது. அதன்படி ஓராண்டு வரை பயிரிடப்படாத நிலம் நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை பயிரிடப்படாதது பிற தரிசு. மழையின்றிக் காய்ந்த வயலும், மனைப்பிரிவுக்காக வாங்கி வேலியிடப்பட்ட வயலும் ஒரே கட்டத்தில் நிரப்பப்படுகின்றன. முன்னது அடுத்த மழையில் மீளும், பின்னது மீளாது. புறநகரின் தரிசுப் பரப்பு உயர்வதை வறட்சியின் அடையாளமாக வாசிப்பது இதனால் தவறாகலாம்.

இதனினும் கடுமையான மறைப்பு ஏரிகள் குறித்தது. அப்பகுப்பில் 'வேளாண்மை அல்லாத பயன்பாட்டு நிலம்' என்னும் வகை கட்டடம், சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றோடு நீர் சூழ்ந்த நிலத்தையும் உள்ளடக்குகிறது. ஆகவே ஓர் ஏரி தூர்ந்து அதன்மேல் குடியிருப்பு எழுந்தாலும் அவ்வகையின் மொத்தப் பரப்பு மாறுவதில்லை. வயல் மனையாகும்போது பதிவேடு ஏதோவொரு மாற்றத்தையேனும் காட்டுகிறது. ஏரி மனையாகும்போது எதனையும் காட்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டு ஊர்க் கணக்கில் விளைச்சலின் ஒரு பங்கைப் பெற்ற ஏரி, இருபதாம் நூற்றாண்டுப் புள்ளிவிவரத்தில் கட்டடத்தோடு வேறுபாடின்றிக் கலந்துவிட்டது.

பாசன நிருவாகத்தில் ஏரியின் பயன் அதன் ஆயக்கட்டைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. ஆயக்கட்டு வீடுகளாக மாறியதும் ஏரி 'பயனற்றது' ஆயிற்று. 1920களில் நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதியின் நெடிய ஏரி தியாகராய நகர் உருவாக்கத்திற்காக வடிக்கப்பட்டது இதற்கு முன்னோடி. பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் செல்லும் ஆரச்சாலை இன்று ஊடறுத்துச் செல்கிறது. 2015 திசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர் உள்ளிட்ட அடையாற்றோரப் பகுதிகள் மூழ்கின. வெள்ளத்திற்கு மழையின் கடுமை முதற்காரணம். எனினும் அம்மழையைத் தேக்கியிருக்கக்கூடிய ஏரிகளும் தாழ்ந்த வயல்களும் குறைந்து வந்ததைப் பருவ, பயிர் அறிக்கையின் எந்தக் கட்டமும் முன்கூட்டி உரைக்கவில்லை.

விலைப் பதிவோ முன்னெப்போதையும்விடச் செறிவாக உள்ளது. 1996இல் கோயம்பேட்டுச் சந்தை திறக்கப்பட்டபின் சென்னையின் காய்கறி விலைகள் நாள்தோறும் வெளியாகின்றன. தாம்பரத்தில் விற்கும் தக்காளி கோலாரிலிருந்தும் வெங்காயம் நாசிக்கிலிருந்தும் வருகின்றன. எனவே அங்குப் பதிவாகும் விலை, அவ்வட்டாரத்து மண்ணையும் மழையையும் பற்றி எதனையும் கூறுவதில்லை. ஒரே களத்தில் பிறந்த விலையும் விளைச்சலும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு வரிசைகளாகிவிட்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் நான்கு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பணவரிக்குப் பின் தோன்றிய விலைத் தொடர்கள் அரசின் தேவையை ஒட்டியவை; சிறு குடியானவரின் வரவையோ உழைப்பாளரின் உணவையோ அவை நேரடியாக அளக்கவில்லை. இரண்டாவது, ரூபாய்க்குச் சேர் என்னும் குறிப்புமுறையையும் பசலி ஆண்டையும் முறையாக மாற்றிக் கொள்ளாத ஒப்பீடுகள் பிழைபடும். மூன்றாவது, விளைச்சல் தொடரில் கண் மதிப்பீட்டுக் காலத்தையும் மாதிரி அறுவடைக் காலத்தையும் தனித்தனியே கருத வேண்டும். நான்காவது, புறநகர்ப் பகுதிகளில் 'தரிசு', 'வேளாண்மை அல்லாத பயன்பாடு' என்னும் இரு வகைகளையும் நில அளவை வரைபடங்களோடும் ஊர்க் கணக்குகளோடும் ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நீர்நிலைக்கெனத் தனிக் கட்டம் ஒன்றை நிலப் பயன்பாட்டுப் பகுப்பில் ஏற்படுத்துவது சிறிய நிருவாகத் திருத்தமே. வண்டலூருக்குத் தெற்கே இன்னும் பயிர் செய்யப்படும் ஊர்களும் நிரம்பும் ஏரிகளும் உள்ளன. நகரம் அத்திசையில் விரியும் இவ்வேளையில் அங்கு இழக்கப்படுவது எது என்பதை உரிய காலத்தில் அறிய அத்திருத்தம் துணைபுரியும்.